சிராப்பள்ளிக் குன்றும் உலகச் சமயங்களும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாரைத் தரிசித்து வெளிவரும் அன்பர்கள், சற்றே நின்று நாற்றிசையும் நோக்கி இளைப்பாறுவது வழக்கம். வடக்கே காவிரி. அதற்கப்பால் தென்னஞ்சோலைகளுக்கு மேல் ஓங்கி நிற்பது 1987இல் நிறைவுற்ற திருவரங்கத்து இராசகோபுரம்; அதன் உயரம் 236 அடி. அருகே அப்புத்தலமாகிய திருவானைக்கா. பார்வையைக் கீழே இறக்கினால் தெப்பக்குளம் தெரியும். அதன் அருகில் கூரிய கோபுரத்தோடு லூர்து அன்னை ஆலயமும், செருமானிய நாட்டுச் சுவார்ட்சு ஐயர் 1766இல் எழுப்பிய கிறித்து ஆலயமும் உள்ளன. நகரின் உள்ளே நத்தர்வலி தர்கா இருக்கின்றது. கால் பதித்து நிற்கும் குன்றிலேயே, இயற்கைக் குகையொன்றில், சமணத் துறவியர் படுத்துறங்கிய கற்படுக்கைகள் உள்ளன.

உடன் வரும் பேரப்பிள்ளை, "பாட்டி, அந்தக் கோயிலில் என்ன சாமி?" என்று கைநீட்டிக் கேட்கும். "எல்லாம் ஒரே சாமிதான், வா, படி வழுக்கும், பார்த்து இறங்கு" என்று விடை வரும். அவ்விடையில் நல்லெண்ணம் உண்டு; அதில் ஐயமில்லை. ஆயினும் பிள்ளை கேட்ட கேள்விக்கு அது விடையாகாது. அண்டை வீட்டார் எதனை நம்புகின்றனர், எதற்காக அழுகின்றனர், இறந்தபின் என்னவாகும் என்று எண்ணுகின்றனர் என்பதை அறியாமலே, ஒரே தெருவில் மூன்று தலைமுறை வாழ்ந்துவிடலாம். வாழ்ந்தும் வருகின்றனர். அவ்வறியாமை அமைதியான காலத்தில் தீங்கு செய்வதில்லை. எவரேனும் தீமூட்ட முற்படுங்கால் அதுவே எளிதிற் பற்றும் சருகாகிவிடுகின்றது. ஆதலின் உலகச் சமயங்களின் அடிப்படைக் கருத்துகளைத் திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

சொற்கள் சொல்லும் செய்தி

முதலில் ஊர்ப் பெயரையே நோக்கலாம். தேவார மூவருள் சம்பந்தரும் அப்பரும் பாடிய இத்தலத்தின் பெயர் சிராப்பள்ளி. மூன்று தலையுடைய திரிசிரன் என்னும் அரக்கன் வழிபட்டமையால் அப்பெயர் வந்தது என்று தலபுராணம் கூறும். சிரா என்னும் துறவி தங்கிய பள்ளி என்று கல்வெட்டு ஆய்வோர் சிலர் கூறுவர். முன்பகுதி எவ்வாறாயினும், 'பள்ளி' என்னும் பின்பகுதி சிந்திக்கத்தக்கது. அச்சொல்லுக்கு உறங்குமிடம் என்பது ஒரு பொருள். துறவியர் உறையுள் என்பது மற்றொன்று. சமணரும் பௌத்தரும் தம் உறைவிடத்தைப் பள்ளி என்றனர். அங்கே எழுத்தும் நூலும் கற்பிக்கப்பட்டமையால் பள்ளிக்கூடம் என்னும் சொல் பிறந்தது என்பர். முசுலிம்கள் தம் தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என்கின்றனர். திருவரங்கத்திலோ பெருமாள் பள்ளிகொண்டிருக்கின்றார். மார்கழி வைகறையில் திருப்பள்ளியெழுச்சி ஓதப்படுகின்றது. நான்கு சமயத்தார் ஒரு சொல்லை நான்கு வகையில் ஆள்கின்றனர். எவரும் அதனைப் பிறரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவில்லை.

இனி, இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் யாது? 'மதம்' என்பது வடசொல். எண்ணப்பட்டது, கருத்து என்பது அதன் பொருள். (யானைக்குப் பிடிக்கும் மதம் வேறு வேரினின்று வந்தது. எழுத்தில் ஒன்றாகத் தோன்றுவதைக் கொண்டு மேடையில் சிலேடை செய்வோர் கைதட்டல் பெறலாம். இலக்கணத்தில் மதிப்பெண் பெறார்.) 'சமயம்' என்பதும் வடசொல்லே, ஒன்றுகூடுதல், உடன்பாடு என்னும் பொருளினது. தமிழ் முசுலிம்கள் 'மார்க்கம்' என்பர். அது வழி, நெறி. கிறித்தவர் முற்காலத்தில் தம் சமயத்தைச் 'சத்திய வேதம்' என்றனர். தென்மாவட்டங்களில் அவர்களை வேதக்காரர் என்று குறிப்பிடும் வழக்கும் உண்டு. கருத்து, கூட்டுறவு, நெறி, மறைநூல் என இந்நான்கு சொற்களும் நான்கு பக்கங்களைக் காட்டுகின்றன. ஒரு சமயத்தின் கருத்தை மட்டும் படித்துவிட்டு அதனை அறிந்துவிட்டதாக எண்ணுவது, யானையின் ஒரு காலைத் தடவிப் பார்த்த கதையாகிவிடும்.

பிறர் கொள்கையைக் கூறும் முறை

பல சமயங்களையும் வரிசையாக நிறுத்தி அறிமுகம் செய்யும் முயற்சி மேனாட்டார் கற்றுத்தந்தது என்று கருதுவோர் உளர். 1893ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் சிகாகோ நகரில் கூடிய சர்வசமயப் பேரவையையே அவர்கள் தொடக்கமாகக் கொள்வர். அதற்குப் பன்னூற்றாண்டுகளுக்கு முன்னரே சீத்தலைச் சாத்தனார் தம் மணிமேகலையில் அதனைச் செய்து காட்டினார். அக்காப்பியத்தின் முப்பது காதைகளுள் இருபத்தேழாவது, 'சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை'. மாதவன் வடிவு கொண்டு வஞ்சி மாநகர் புகுந்த மணிமேகலை, அங்குள்ள சமயவாதிகளை ஒவ்வொருவராக அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கின்றாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி எனப்படும் சமணன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்போர் தத்தம் கொள்கையை உரைக்கின்றனர். இறுதியில் நிற்கும் பூதவாதி, கண்ணாற் கண்டதன்றி வேறொன்றையும் ஏலாதவன். கடவுள் இல்லை என்போரும் இத்தமிழ் வரிசையில் இடம்பெற்றிருந்தனர் என்பது குறிக்கத்தக்கது.

அளவைவாதி முதலில் கூறுவது இறைவனைப் பற்றியதன்று. ஒரு பொருளை அறிவதற்குரிய அளவைகள் எத்தனை என்பதையே அவன் எடுத்துரைக்கின்றான். பத்து என்பார், எட்டு என்பார், ஆறு என்பார் என ஆசிரியர்களிடையே வேறுபாடு உண்டு. கண்ணாற் காண்பது காட்சி. புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கார் மொழியை ஏற்பது உரை. இம்மூன்றுமே தலையாயவை. எச்சமயத்தாரோடு உரையாடத் தொடங்கினும், அவர் எந்த அளவையை ஏற்கின்றார் என்று முதலில் அறிதல் வேண்டும். வேதத்தை ஏலாத ஒருவரிடம் வேதத்தையே சான்றாகக் காட்டுவதும், குர்ஆனை இறைமொழியாகக் கொள்ளாதவரிடம் அதனையே முடிவாகக் காட்டுவதும் ஒரே வகைப் பிழையாகும்.

மணிமேகலை பௌத்தக் காப்பியம். ஆகவே மாற்றார் கொள்கைகள் அதில் சுருக்கமாகவும், சில இடங்களில் எளிதில் வீழ்வன போலவும் அமைந்துள்ளன. இக்குறை எல்லாச் சமய நூல்களிலும் உண்டு. மலைக்கோட்டைக் குடைவரையைச் செய்வித்த பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனே தான் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகை நாடகத்தில் காபாலிகரையும் பாசுபதரையும் பௌத்தத் துறவியையும் எள்ளி நகையாடினான். நகைச்சுவைக்கு அது பொருந்தும், கல்விக்குப் பொருந்தாது.

கல்விக்குப் பொருந்தும் முறையைத் திருவரங்கத்தில் காணலாம். எம்பெருமானார் இராமாநுசர் அருளிய ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கப் பகுதியில், தம் முடிபை நிறுவுவதற்கு முன்னர், அத்துவைதியின் தரப்பை அவர் மிக விரிவாக எடுத்துரைக்கின்றார். அப்பகுதிக்கு மகாபூர்வபக்ஷம் என்றே பெயர். அதனை மட்டும் தனியே படிப்பவர், எழுதியவர் அத்துவைதியோ என்று ஐயுறத்தக்க வலிமையோடு அது அமைந்துள்ளது. எதிர்த்தரப்பார் படித்து 'ஆம், இதுவே எங்கள் கொள்கை' என்று ஒப்புமாறு முதலில் கூறுதல் வேண்டும். மறுப்பு அதற்குப் பின்னரே. சைவத்தில் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் பரபக்கம், சுபக்கம் என்றே இரு கூறாய் அமைந்தது. பரபக்கத்தில் உலகாயதர் முதலாகப் பதினான்கு தரப்பினர் வருகின்றனர்.

மூன்று வினாக்கள்

வைணவர் சித்து, அசித்து, ஈசுவரன் என்பர். சைவ சித்தாந்திகள் பதி, பசு, பாசம் என்பர். கடவுள், உயிர், உலகு அல்லது கட்டு என்னும் இம்மூன்றைப் பற்றியும் ஒரு சமயம் யாது கூறுகின்றது என்று கேட்டால், அச்சமயத்தின் எலும்புக்கூடு புலப்பட்டுவிடும்.

யூதம், கிறித்தவம், இஸ்லாம் ஆகிய மூன்றும் ஆபிரகாம் என்னும் முதுபெருந் தந்தையைப் போற்றுவன. (முசுலிம்கள் அவரை இப்ராகீம் என்பர்.) கடவுள் ஒருவரே, உலகைப் படைத்தவர் அவரே, மனிதனுக்கு வாழ்வு ஒன்றே, இறுதியில் தீர்ப்பு உண்டு என்பவை இம்மூன்றிலும் வேரூன்றிய கருத்துகள். 2020ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் கிறித்தவர் ஏறத்தாழ 230 கோடி, முசுலிம்கள் ஏறத்தாழ 200 கோடி. ஆக, மானிடருள் பாதிக்கு மேற்பட்டோர் மறுபிறவி இல்லை எனும் சமயங்களைச் சார்ந்தவர். இந்துக்கள் ஏறத்தாழ 120 கோடி. இதனை அறியாமல், 'போன பிறவியில் என்ன செய்தாரோ' என்று கிறித்தவ நண்பரின் இழவு வீட்டில் ஆறுதல் கூறப் புகுந்து, அவரை மேலும் வருத்துவோர் உளர்.

இவ்வேறுபாடு ஆழமானது. பிறவிக் குருடாய் ஒரு குழந்தை ஏன் பிறந்தது? வினைக்கொள்கை விடை தருகின்றது: முன்னை வினை. யோவான் நற்செய்தியில் இதே வினா எழுகின்றது. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர், பாவம் செய்தவன் இவனோ இவன் பெற்றோரோ என்று வினவ, இருவருமல்லர் என்று இயேசு மறுக்கின்றார். வினைக்கொள்கையில் உலகம் ஒழுங்குடையதாய்த் தோன்றும். ஆனால் துன்புறுவோனைக் குற்றவாளியாய்ப் பார்க்கும் இடர் அதில் உண்டு. மற்றைக் கொள்கையில் துன்புறுவோன் மீது பழி இல்லை. ஆனால் நல்லவனாகிய கடவுள் இத்துன்பத்தை ஏன் விட்டுவைத்தான் என்னும் வினா கூர்மையாகி நெஞ்சைத் தைக்கும். இருபுறத்துப் பேரறிஞர்களும் தத்தம் இடரை அறிந்தே இருந்தனர். பன்னூற்றாண்டுகளாக விடை தேடியும் வருகின்றனர்.

கிறித்தவரின் மூவொரு கடவுள் கொள்கையை, நான்முகன், திருமால், உருத்திரன் என்னும் மும்மூர்த்தி முறையோடு ஒப்பிடுவது பலர்க்கும் வழக்கம். அது பொருந்தாது. படைத்தல், காத்தல், அழித்தல் எனத் தொழில்பற்றி வந்த பகுப்பு மும்மூர்த்தி முறை. தந்தை, மகன், தூய ஆவி என்பது தொழிற்பகுப்பன்று. ஒரே இறைமை மூன்று ஆட்களாய் நிற்பது என்பது அவர்தம் கோட்பாடு. அவதாரக் கொள்கையிலும் இவ்வாறே. இறைவன் மனிதனாய் வந்தான் என்னும் அளவில் வைணவரும் கிறித்தவரும் அருகருகே நிற்கின்றனர். ஆயினும் வைணவத்தில் அவதாரம் பல. பெருமாளின் அவதாரத் திருமேனி வினையால் வந்ததன்று, மாசற்ற சுத்தசத்துவமயமானது. கிறித்தவத்தில் அது ஒரே முறை நிகழ்ந்தது. வந்தவர் பிறரைப் போன்ற உண்மை உடலில் பசித்து, நொந்து, இறந்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதே அவர்களது நம்பிக்கையின் அச்சு. சிலுவையை அகற்றிவிட்டு அக்கொள்கையை விளக்க இயலாது.

இஸ்லாத்தின் அச்சு 'தவ்ஹீத்' எனப்படும் இறை ஒருமை. அல்லாஹ் ஒருவனே, அவன் பிறப்பிலி, அவனுக்கு இணை, துணை, உருவம் இல்லை, முகம்மது நபி அவனுடைய இறுதித் தூதர். கலிமா, நாளும் ஐவேளைத் தொழுகை, இரமலான் நோன்பு, ஜகாத், இயன்றவர்க்கு ஹஜ் பயணம் என்பன ஐந்து கடமைகள். ஜகாத் என்பது விருப்பத்திற்கு இடும் பிச்சையன்று. குறித்த அளவுக்கு மேல் ஓராண்டு கையிருப்பில் நின்ற பொருளில் நூற்றுக்கு இரண்டரை பங்கு ஏழைகளுக்கு உரியது என்பது அவர்தம் விதி.

இங்குத் திருக்கோயில் அன்பர்களுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அரங்கத்தில் பள்ளிகொண்ட திருமேனியை 'அர்ச்சாவதாரம்' என்று வைணவர் போற்றுவர். அது இறைவனை நினைவூட்டும் அடையாளம் மட்டுமன்று. அடியார்க்கு எளியனாய் அவனே அவ்வுருவில் எழுந்தருளியிருக்கின்றான் என்பது கொள்கை. இஸ்லாத்திலோ எதனையும் இறைவனுக்கு ஒப்பாக்குதல் பெரும்பிழை. இவ்விரண்டையும் 'எல்லாம் ஒன்றே' என்று ஒட்டவைத்தால் இருவர் கொள்கையும் கெடும். ஆனால் வைணவ ஆசாரியர்களே தந்த இரு கலைச்சொற்கள் இங்கு உதவும். பரத்துவம் என்பது எவர்க்கும் எட்டாத அவன் மேன்மை. சௌலப்பியம் என்பது எவரும் எளிதில் அணுகத்தக்க அவன் எளிமை. முசுலிம் அன்பர் இறைவனை உருவில் அடக்க மறுப்பது, பரத்துவத்திற்கு இழுக்கு வரலாகாது என்னும் அச்சத்தால் என்று கொண்டால், அவர் தரப்பு விளங்கும். நம்பெருமாள் வீதியுலாவில் தெருக்கோடி வரை எழுந்தருள்வது சௌலப்பியத்தால் என்று எடுத்துரைத்தால், அவர்க்கும் இத்தரப்பு விளங்கக்கூடும். விளங்கியபின்னும் வேறுபாடு வேறுபாடாகவே நிற்கும்.

தர்காவில் அடங்கிய இறைநேசரை நாடிச் செல்வது பற்றி முசுலிம்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கந்தூரி விழாவைச் சிறப்பாக நடத்துவோரும், அது கூடாது என்போரும் ஒரே பள்ளிவாசலில் அருகருகே நின்று தொழுகின்றனர். வெளியிலிருந்து நோக்குவோர்க்கு ஒரு சமயம் ஒரே பாறையாகத் தோன்றும். உள்ளே சென்றால்தான் அடுக்குகள் தெரியும். தென்கலை, வடகலைத் திருமண் வேறுபாட்டை அறிந்த திருவரங்கத்தார்க்கு இதனை விரித்துக் கூற வேண்டுவதில்லை.

பாரதத்தில் தோன்றிய சமணமும் பௌத்தமும் வேறு வகையின. இரண்டிலும் படைப்புக் கடவுள் இல்லை. ஆனால் வினையும் மறுபிறவியும் வீடுபேறும் உண்டு. கடவுளை நம்பாதார்க்கு அறம் இராது என்று கூறுவோர், இத்துறவியர் வாழ்வை எண்ணிப் பார்த்தல் தகும். சமணத்தில் உயிர்கள் எண்ணிலடங்கா. வினை என்பது உயிரில் ஒட்டும் நுண்ணிய பொருள். அது தவத்தால் உதிரும். கொல்லாமை தலையாய அறம். பௌத்தம் நிலைத்த உயிர் என ஒன்றையே ஏற்கவில்லை. அங்ஙனமாயின் மறுபிறவி எடுப்பது எது? ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றினால், சென்றது அதே சுடரா வேறு சுடரா என்று கூற இயலாதவாறு போல, வினைத்தொடர் செல்லும் என்பர். இவ்விடம் நுட்பமானது, மணிமேகலையின் இறுதிக் காதைகளைப் படிக்கப் புகுவோர் நல்லாசிரியர் ஒருவரைத் துணைக்கொள்வது நன்று.

சீக்கியம் குருநானக்கிடம் (1469–1539) தோன்றியது. உருவமற்ற ஒரே இறையை ஏற்றும், மறுபிறவியையும் ஏற்றும் அது தனிநெறியாய் நிற்கின்றது. 1708 முதல் அவர்க்குக் குரு, கிரந்தமே. அந்நூலில் கபீர், நாமதேவர், ரவிதாசர், பரீத் முதலிய பிற அடியார் பாடல்களும் உள்ளன. பாரசீகத்துச் சரதுட்டிரர் வழிவந்த பார்சியர் நெருப்பைத் தூய்மையின் திருவுருவாய்ப் போற்றுவர். சீனத்துக் கன்பூசியர் நெறியும் தாவோ நெறியும், சப்பானியரின் சிந்தோவும் தனித்தனிக் கட்டுரைக்கு உரியன.

நோன்பும் சமயபுரத்தாளும்

நூல் உடைய சமயங்களையே பட்டியலிடும் அறிஞர்கள், நூலின்றி வாழும் வழிபாடுகளை மறந்துவிடுகின்றனர். திருச்சிராப்பள்ளியின் வடபால் உள்ள சமயபுரத்தில் நிகழ்வதை எந்தச் சமய வகைப்பாட்டுள் அடக்குவது? நோன்பு எச்சமயத்திலும் உண்டு. முசுலிம்கள் இரமலான் முழுதும் பகலில் நீரும் அருந்தார். மாலையில் நோன்புக் கஞ்சி. கத்தோலிக்கர்க்கு உயிர்ப்புத் திருநாளுக்கு முன் நாற்பது நாள் தவக்காலம். சீர்திருத்தச் சபையார் அதனை இலெந்து காலம் என்பர். சமணத்தில் உண்ணாநோன்பால் உயிர்விடும் வடக்கிருத்தலும் உண்டு. வைணவர்க்கு ஏகாதசியும் பாவை நோன்பும் உள்ளன. இவையெல்லாம் மனிதர் இறைவனுக்காகவோ தம் உயிரின் தூய்மைக்காகவோ நோற்பவை. சமயபுரத்திலோ மாசித் திங்களின் கடைசி ஞாயிறு தொடங்கி இருபத்தெட்டு நாள், அடியார்க்காக அம்மனே பச்சைப் பட்டினி நோற்கின்றாள். அந்நாட்களில் தளிகை நிவேதனம் இல்லை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் போன்றவையே. அடியார்கள் கூடை கூடையாய்ப் பூச்சொரிந்து அவளைக் குளிர்விக்கின்றனர். தாய் பிள்ளைக்காகப் பட்டினி கிடப்பாள் என்னும் வீட்டு உண்மையே அங்குத் தத்துவமாகின்றது. மெத்தப் படித்தோர் இதனை 'நாட்டார் வழிபாடு' என்று ஓரமாய் ஒதுக்குவது முறையன்று.

அரங்கத்து மதிலும் ஒரு சித்திரமும்

சமயங்களின் கொள்கையை மட்டும் கூறி, அவை ஒன்றோடொன்று மோதிய வரலாற்றை மறைத்தால் அறிமுகம் முழுமையாகாது. 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியது. பிள்ளை உலகாசிரியர் நம்பெருமாளைக் காத்துக்கொண்டு தெற்கே சென்று, மதுரைக்கு அருகே சோதிஷ்குடியில் தம் உடலை நீத்தார். வேதாந்த தேசிகர், ஸ்ரீபாஷ்ய உரையாகிய சுருதப்பிரகாசிகையின் ஏட்டைக் காத்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. நம்பெருமாள் பல ஊர்களில் மறைந்திருந்து 1371இல் தம் கோயிலுக்கு மீண்டார். இவ்வரலாறு திருவரங்கத்துப் பிள்ளைகளுக்குப் பாலோடு ஊட்டப்படுவது.

அதே திருவரங்கத்தின் நான்காம் சுற்றுக்கு ஆலிநாடன் சுற்று என்று பெயர். ஆலிநாடன் என்பார் திருமங்கையாழ்வார். மதில் எடுப்பதற்குப் பொருள் வேண்டி, நாகப்பட்டினத்து விகாரத்திலிருந்த பொன்னாலாகிய புத்தர் படிமத்தை அவர் கவர்ந்து வந்தார் என்று வைணவக் குருபரம்பரை நூல்களே உரைக்கின்றன. அது வரலாறா புனைவா என்று ஆராய்வது வேறு. கேட்போர் அதனைப் பெருமையாகவே கேட்டு வந்துள்ளனர். ஆனால் நாகையில் அப்படிமத்தின் முன் விளக்கேற்றிய ஒரு பௌத்த மூதாட்டியை மனத்தில் நிறுத்தி அக்கதையைக் கேட்டால், 1323ஆம் ஆண்டின் துயரம் வேறொரு கோணத்திலும் விளங்கும். கதையை நீக்க வேண்டுவதில்லை. ஆழ்வாரின் அரங்கக் காதலைக் கூறும்போது அம்மூதாட்டியையும் சேர்த்துக் கூறினால் போதும்.

நாகப்பட்டினத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. ஸ்ரீவிசய நாட்டு மன்னன் சூடாமணி விகாரம் எடுத்தபோது, சிவபாதசேகரன் என்று விருதுப்பெயர் பூண்ட முதலாம் இராசராசன் 1006ஆம் ஆண்டை ஒட்டி ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் ஏடுகள் இதற்குச் சான்று. தன் சமயத்தில் அவன் அழுத்தம் தளரவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்தவன் அவனே. அப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பௌத்தக் கோபுரம் ஒன்று 1867இல், கிறித்தவத் துறவியர் கட்டடம் எழுப்பும் பொருட்டு, ஆங்கில அரசின் இசைவோடு இடிக்கப்பட்டது. 1856 முதல் 1934 வரை அவ்வூர் மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 புத்தர் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. இடித்தலும் கவர்தலும் எந்த ஒரு சமயத்தாருக்கும் தனியுரிமையாய் இருந்ததில்லை, ஈதலும் அவ்வாறே.

மலைக்கோட்டை மேற்குடைவரையில் மகேந்திரவர்மன் பொறித்த வடமொழிக் கல்வெட்டு, மன்னன் மாறான நெறியினின்று இலிங்க வழிபாட்டுக்குத் திரும்பியதைக் குறிக்கின்றது என்று அறிஞர் பலர் பொருள் கொண்டுள்ளனர். அவன் முன்னர்ச் சமணனாய் இருந்தான் என்பது பெரியபுராண மரபு. சமயம் மாறிய மன்னனின் கல்வெட்டும், அவன் விட்டுவந்ததாகக் கூறப்படும் சமயத்தின் கற்படுக்கைகளும் ஒரே குன்றில் இன்றளவும் உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டில் இதே குன்றில் மௌனகுருவின் அருள்பெற்ற தாயுமான சுவாமிகள், வேதாந்த சித்தாந்த சமரசம் பேசினார். சமரசம் என்பது இரண்டையும் கரைத்து ஒன்றாக்குதல் என்று சிலர் கருதுவர். இரு நெறிகளையும் முற்றக் கற்று, அவை சந்திக்கும் இடத்தைத் தேடியவர் அவர். அவர்தம் பாடல்களின் சாயலைப் பின்னாளில் குணங்குடி மஸ்தான் சாகிபு என்னும் சூஃபிப் புலவரிடம் தமிழறிந்தோர் கேட்டு மகிழ்ந்தனர்.

திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாரைச் சேவிக்காமல் திரும்பும் அன்பர்கள் உளர். அவர்கள் அடுத்த முறை தவறாது சேவிக்க வேண்டும். படையெடுப்பில் தில்லிக்குக் கொண்டு செல்லப்பட்ட பெருமாள் திருமேனியின்மீது காதல் கொண்ட சுல்தானின் மகள், பிரிவாற்றாது பின்தொடர்ந்து அரங்கம் வந்து அவனடி சேர்ந்தாள் என்பது கோயிலொழுகு முதலியவற்றில் காணும் மரபுச் செய்தி. அரங்கத்தைத் தாக்கியோர் குலத்துப் பெண்ணொருத்தியை அதே அரங்கத்தார் நாச்சியார் என்று அழைத்துச் சந்நிதி அமைத்தனர். அங்குச் சிலைத் திருமேனி இல்லை. சுவரில் தீட்டிய சித்திரமே உள்ளது. அவள் பிறந்த மார்க்கம் சிலையை ஏலாது என்பதனாலேயே அவ்வாறு அமைத்தனர் என்று பெரியோர் கூறுவர். அவள் பொருட்டுப் பெருமாளுக்குக் கைலி சாத்துவதும், கோதுமை ரொட்டி அமுது செய்விப்பதும் திருவரங்கத்துக் கோயில் வழக்கம்.